உயிர் வரும் நிலை

பக்கவாதம் வந்தபின் டிரைவர் ஒருவரின் விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் ஆசையாகச் சேர்த்த விரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மை மனிதர்கள் அலமாரியில் விறைப்பாக நின்றார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவர் தலையையும் லேசாகத் திருப்பி, ஒரு காலை முன்னே தள்ளிவைப்பார். அப்போதுதான் உயிர் வரும் என்பார்.

ஒருநாள் விடிந்தபோது பொம்மைகள் எல்லாம் தலையைத் திருப்பி, ஒரு காலை முன்னே வைத்து நின்றன.

"ரொம்ப தேங்க்ஸ்மா," என்று மனைவியிடம் சொன்னார்.

"நான் தொடவே இல்லைங்க. உங்க கை சரியாயிடுச்சுன்னுல்ல சந்தோஷப்பட்டேன்!"

வீட்டில் வேறு யாரும் இல்லை. பிறகு அவர் அலமாரியைப் பார்த்து, "யாரா இருந்தாலும் நல்லா இருங்க," என்றார்.

மறுநாள் காலை அவருக்குச் சட்டை போட்டுவிட அவள் வந்தாள். பனியனோடு படுத்தவர், சலவைச் சட்டையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பொத்தான்கள் கழுத்துவரை போடப்பட்டிருந்தன.