நண்டுன்னா உசுரு

"உப்பு பாரு குழலி," என்று கரண்டியை நீட்டினார் ராமலிங்கம்.

அடுப்படியிலிருந்து வந்த கார்குழலி நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கூடிப்போச்சு. ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்க."

அவர் ஊற்றியது குழம்பில் அல்ல, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில். கடற்கரைச் சாலையின் கருங்கல் இடுக்கில் பிடித்து வந்த பாறை நண்டு ஜோடி ஒன்று அதில் குடித்தனம் நடத்தியது. கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வருவார். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். அளந்து பார்க்க மீட்டர் இருந்தது. ஆனாலும் அவருக்கு மனைவியின் நாக்கின் மேல்தான் நம்பிக்கை.

"உங்க குழம்புக்கு உப்பு பாக்கறனோ இல்லையோ, உங்க நண்டுக்குத் தவறாம பாக்கறேன்."

"அதான் அதுங்க ஒரு குறையும் சொல்றதில்ல. நான்தான் சொல்றேன்."

பெண் நண்டு கல்லோரம் வந்து வயிற்று மடலை மெல்ல விரித்தது. உள்ளே கொத்தாக முட்டைகள். ராமலிங்கம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

"மஞ்சளா இருந்துச்சு, இப்ப பழுப்பா மாறுது பாரு. நல்லா கறுத்தா பொரிஞ்சுடும். பொரிஞ்சதும் தவளக்குப்பம் போயி அக்காவக் கூட்டியாரப் போறேன்."

"அண்ணிதான் பொங்கல்லேருந்து பேசறதே இல்லையே."

"நண்டுக் குஞ்சு பாக்க வான்னா வந்துடும். அப்பவே அந்த விஷயத்தையும் சொல்லிடறேன்."

"நான் வேணா போன்ல சொல்லட்டுமா?"

"நீ வாயத் தொறக்காத. நானே சொல்லிக்கிறேன். சிரிச்சா என் எதிர்லயே சிரிக்கட்டும்."

சட்டையை மாட்டிக்கொண்டு சேதராப்பட்டுக்கு வேலைக்குக் கிளம்பினார். கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். திரும்ப எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துக் காக்கைக்குக் கூப்பிட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக ராமலிங்கத்தின் அக்கா செல்வாம்பாள் ஒரு தூக்கோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மூடியைத் திறக்கும் முன்பே நண்டுக் குழம்பு மணத்தது.

"நானே போயி வாங்கி, நானே ஆஞ்சி, நானே வச்சேன். வேற யாரையும் கிட்ட விடல. என் தம்பிக்கு நண்டுன்னா உசுரு. சின்ன வயசுல என் பங்கையும் புடுங்கித் தின்னுட்டு, ஓட்ட மட்டும் என் தட்டுல போடுவான்."

கார்குழலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தூக்கை நீட்டிய கையில் கொடுக்கு கிழித்த கீறல்கள் தெரிந்தன. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தொட்டி இன்னும் இருக்குதா? தண்ணி இன்னா இப்படித் தூசு தூசா கெடக்குது. மாத்தக் கூடாது?"

"தூசு இல்ல அண்ணி, குஞ்சு. முந்தாநாள் பொரிஞ்சுது."

செல்வாம்பாள் குனிந்து பார்த்தாள். தூசுகள் துள்ளின. "எம்மாடி," என்றாள். "இதப் பாக்க அவனுக்குக் குடுத்து வைக்கலையே."

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இலை போட்டார்கள். சோறு, வடை, அப்பளம், நடுவில் குழம்போடு பெரிய நண்டு ஒன்று. செல்வாம்பாள்தான் கூப்பிட்டாள். மாமரத்திலிருந்து காக்கை ஒன்று உடனே வந்து உட்கார்ந்தது.

"வந்துட்டாரு பாருங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பூர்ணிமா.

காக்கை வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. திரும்ப வந்து சோற்றைக் கொத்தியது. அப்பளத்தை உடைத்தது. நண்டுக் காலை அலகால் ஒருமுறை தள்ளிவிட்டு, அதைச் சுற்றியிருந்த சோற்றை மட்டும் தின்றது.

"சாப்புடுடா," என்றாள் செல்வாம்பாள் மெதுவாக. "உனக்குத்தான்டா வச்சேன்."

காக்கை அவளைத் தலை சாய்த்துப் பார்த்தது. பிறகு பறந்துவிட்டது.

"வெயில் ஏறுதில்ல, அதான். இன்னொரு தடவ கூப்புடுங்க," என்றாள் பூர்ணிமா.

"கூப்புட்டு இன்னா ஆவப்போவுது?" செல்வாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பொங்கலுக்கு வந்தப்பவும் இப்படித்தான் பண்ணான். ஆசையா நண்டு வச்சேன். வயித்து வலின்னு ஓரமா ஒதுக்கிட்டு, ரசம் ஊத்தித் தின்னுட்டு எழுந்துட்டான். நீங்க இந்த வீட்டுக்குக் குடிவந்தப்ப நான் வரல இல்ல, அந்தக் கோவம். செத்தும் ஆறல பாரு. என் கையால வச்சதத் தொடமாட்டேங்கறான்."

அவள் தோள் குலுங்கியது. கார்குழலி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. அன்னிக்கு வயித்து வலியும் இல்ல. தொட்டியில இருக்கறதுங்கள வளக்க ஆரம்பிச்சதுலேருந்து அவரு நண்டு தின்றதில்ல. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு வெக்கம். நண்டுன்னா உசுருதான் அண்ணி, அதான் வாய் வைக்கல."

செல்வாம்பாள் அவளைப் பார்த்தாள், சுவரில் இருந்த இலையைப் பார்த்தாள். கண்ணீரோடேயே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப வந்தது அவனேதான்."

மற்றதெல்லாம் தீர்ந்துபோன இலையில், நண்டு மட்டும் வைத்தபடியே இருந்தது.