செவ்வந்தி மாலை

“இண்டைக்கும் அழிச்சுப் போட்டாங்கள், சேர்!”

தொலைபேசியில் அழைத்தவள் லோஜினி. கிருஷாந்தன் தேநீரை அப்படியே வைத்துவிட்டு கண்டி மஹய்யாவ சந்திக்கு ஓடினார். மாநகர சபையில் கிளாக்கர். வயது ஐம்பத்திரண்டு. மேட்டில் ஏறும்போதே மூச்சு வாங்கியது.

ஹபீலின் ஹார்ட்வெயார் கடைப் பக்கச் சுவர் முழுக்க ஓவியம். ஊர் ஊராக விரட்டப்பட்டு, கடைசியில் கண்டியில் வந்து ஒதுங்கியவர்களின் கதைகள். வீடு வீடாகப் போய் அவற்றைக் கேட்டு எழுதியவர் கிருஷாந்தன். வரைந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண் லோஜினி. பின்னேரம் நான்கு மணிக்குத் திறப்பு விழா.

சுவரின் நடுவில் சீதா. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் வன்னிக்கு ஓடி, 2009 இறுதிப் போரில் அங்கிருந்தும் ஓடியவர். இன்று இதே தெருவைக் கூட்டுகிறவர். ஓவியத்தில் அவர் கையில் மகனின் படம். பன்னிரண்டு வயதுப் பையன். படத்துக்கு மஞ்சள் செவ்வந்தி மாலை, பக்கத்தில் ஒரு விளக்கு.

அந்த மாலையையும் விளக்கையும் மட்டும்தான் யாரோ நீலப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். பையனின் முகத்தில் ஒரு துளி படவில்லை.

இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு நாளும் லோஜினி திருப்பி வரைவாள். விடிந்தால் இருக்காது.

“நான் இனிக் கீறமாட்டன், சேர். எனக்குப் பயமாக் கிடக்கு.”

“கீறுங்க பிள்ள. நாலு மணிக்குச் சீதாக்காதான் இதுக்கு முன்னால விளக்கேத்தித் திறக்கப் போறாங்க. அந்த மாலை இருந்தாத்தான் பாக்குறவங்க மனசுல தைக்கும்.”

மாலை போடச் சொன்னதே கிருஷாந்தன்தான். ‘கூட்டத்துல கை நழுவிப் போச்சு தம்பி’ என்று மட்டும்தான் சீதா அன்று சொன்னார். அதற்கு மேல் தோண்டிக் கேட்கக் கிருஷாந்தனுக்கு மனம் வரவில்லை. மீதியை அவரே எழுதிக்கொண்டார்.

“யாருன்னு இன்னுமா தெரியல?” ஆட்டோவில் சாய்ந்தபடி வீரய்யா கேட்டான். “காத்தால அஞ்சு மணிக்கு ஹயர் போறேன், ஹபீல் நானா ஏணியில நிக்கிறாரு. கையில பிரஷ். சாமிக்குப் போடுற மாதிரி மாலை போட்ட படம் அவரு சுவத்துல இருக்கலாமா? அதான்!”

“கண்ணால கண்டியா?”

“கண்டேன்ங்கிறேன்ல!”

கிருஷாந்தனுக்கு மூன்று நாளுக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்தது. ‘தம்பி, அந்த மாலையப் பத்தி ஒரு விசயம்’ என்று ஹபீல் வந்து நின்றார். ‘சுவர் குடுத்தது உங்க பெரிய மனசு நானா. படத்துல என்ன வரணும்கிறத எங்ககிட்ட விட்டுருங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது எல்லாம் விளங்கியது.

கடைக்குள் ஹபீல் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் நீலம்.

“நீங்கதானே நானா?”

ஹபீல் தராசிலிருந்து கையை எடுத்தார். “ஓ. நான்தான்.”

வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

“செத்துப்போன புள்ளைக்கு ஒரு மாலை. அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா? இத்தன வருசம் ஒரே தெருவுல இருந்து என்ன பிரயோசனம்?”

“தம்பி, உள்ளுக்கு வாங்க. வெளிய வச்சிப் பேசுற கதை இல்ல இது.”

“எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுங்க! ஒளிக்க என்ன இருக்கு?”

“சொல்லச் சொல்லுங்க சேர்!” வீரய்யா வாசலிலிருந்து கத்தினான்.

ஹபீல் எட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரையோ தேடுவதுபோல. பிறகு தணிந்த குரலில் பேசினார்.

“அண்டைக்கு விடியச் சுபஹு தொழுதுட்டு வாறேன். நீங்க மொதல்ல மாலை போட்ட அடுத்த நாள். சீதா சுவத்துக்கு முன்னால நிக்கிது. விளக்குமாறு ரோட்டுல கெடக்குது. கையப் புடிச்சி கடைப் படியில உக்கார வச்சேன். அப்பதான் அது ஒண்டு கேட்டிச்சு.”

வாசலில் நின்றவர்கள் அந்தப் படியைப் பார்த்தார்கள்.

“ ‘படம் வரையிற புள்ள மாலைய மாறிப் போட்டுட்டா, இண்டைக்கே அழிச்சிருவாங்க’ன்னு ஒரு பொய்யச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்ல வந்தேன், வாயத் தொறக்க விடல்ல நீங்க. அப்புறம் என்னா செய்ய? அது கூட்ட வார முன்னம் நான் அழிக்கிறேன். பின்னேரம் நீங்க போடுறீங்க. இப்ப அதையே கூட்டிட்டு வந்து விளக்கேத்த வைக்கப் போறீங்களாம்.”

கிருஷாந்தன் கல்லாவுக்குக் கிட்டே வந்தார்.

“நானா... சீதாக்கா அப்படி என்ன கேட்டாங்க?”

ஹபீல் நீலம் படிந்த விரலைத் துணியில் துடைத்தார். துடைத்தும் போகவில்லை.

“ ‘எம் புள்ளைக்கு மாலை போட்டிருக்காங்களே மொதலாளி... கிருஷாந்தன் தம்பிக்கு ஏதும் தகவல் வந்துருச்சா?’ ”