அப்பாவின் முட்டிக்காக

"எங்க அப்பாவோட முட்டி வலிக்கு சார். விலையைப் பத்திக் கவலையே இல்ல. நல்லதா காட்டுங்க."

வெந்நீர்த் தொட்டி விற்கிற கடையில் இப்படி ஒரு குரல் கேட்பது அபூர்வம். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மகன், மருமகள், நடுவில் ஊன்றுகோலோடு பெரியவர். ரிட்டயரான பஸ் டிரைவராம். இருபத்தெட்டு வருஷம் கிளட்ச் மிதித்ததில் முட்டி போய்விட்டது.

"சிகிச்சைக்குப் போன இடத்துல ஒரு நாள் வெந்நீர்ல உட்கார வெச்சாங்க தம்பி. அன்னிக்குத்தான் வலி இல்லாம தூங்கினேன்" என்றார் பெரியவர்.

கடைக்காரர் கதவு வைத்த சின்னத் தொட்டியைக் காட்டினார். "காலைத் தூக்கவே வேண்டாம். கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துக்கலாம். ஒருத்தருக்கானது."

"ஒருத்தருக்கு மட்டுமா? அப்பாவுக்கு போரடிக்குமே!" மகனின் கண் ஆறு பேர் உட்காரும் தொட்டியில் இருந்தது. நீல விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் அதில் உண்டு.

"இவ்வளவு பெருசு எதுக்குங்க? வீடு கொள்ளாது" என்று முணுமுணுத்தாள் மருமகள்.

"எங்க அப்பாவுக்குச் செய்யறதுன்னா உனக்குக் கசக்குமே!"

எல்லா வீட்டிலும் மருமகள்கள் ஒரே அச்சுதான் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

பெரியவரைத் தாங்கிப் பிடித்து, அந்தப் பெரிய காலித் தொட்டிக்குள் இறக்கி உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி, முட்டியைத் தடவிக்கொண்டு சிரித்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை, அதற்கே அத்தனை சந்தோஷம்.

"சார், தண்ணி நிரம்பினா ரெண்டு டன் வரும். மாடி தாங்காது. கீழ்த்தளத்துலதான் வைக்கணும்" என்றார் கடைக்காரர்.

"கீழ ஒரே ஒரு ரூம்தான். அதை ஒழிச்சுத் தர்றேன்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! தன் அப்பாவுக்கு ஒரு தைல பாட்டில்கூட வாங்கிக் கொடுக்காமல் போனது ஞாபகம் வந்து, கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஆட்களோடு அவரே நேரில் போனார். பொருத்தி, தண்ணீர் நிரப்பி, சூடேற்றி முடிக்கச் சாயங்காலம் ஆனது. மகனின் நண்பர்கள் நாலு பேர் தோளில் துண்டோடு வந்து நின்றார்கள். மருமகள் மட்டும் ஒரு வாளி வெந்நீரைப் படிக்குப் படி வைத்து வைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிக்கொண்டிருந்தாள்.

"பெரியவரைக் கூப்பிடுங்க சார். முதல்ல அவர் உட்காரட்டும்."

"அப்பா மாடியில இருக்காரு. இதுதான் அவரோட ரூம். முந்தாநாள் நாங்க எல்லாரும் சேர்ந்து தூக்கிட்டுப் போய் மேல படுக்க வெச்சோம்."

"சரி, எப்ப இறங்கி வருவாரு?"

மகன் சட்டையைக் கழற்றியபடி சிரித்தான்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? அந்த முட்டியை வெச்சுக்கிட்டு அவரு எப்படி இறங்குவாரு?"