நடுக்கடலில் கிருத்திகை

"அந்த கேக்கை எடுத்துக்கினு போயிடுங்க பாய். எங்களுக்குக் கிருத்திகை விரதம்."

வெள்ளைக் கையுறையோடு நின்ற அல்தாஃப் பாய் விழித்தார். கப்பலின் ஒன்பதாவது தளத்தில், பால்கனியும் பாத்டப்பும் தனி வரவேற்பறையும் உள்ள சூட் அது. அங்கே தங்குகிறவர்களைக் கவனிப்பதுதான் அவர் வேலை. இருபது வருட சர்வீசில் கேக்கைத் திருப்பி அனுப்பிய ஆளை அவர் பார்த்ததில்லை.

"இது கப்பல் கம்பெனி குடுக்கிறதும்மா. ஃப்ரீ."

"ஃப்ரீன்னா முருகர் ஒத்துக்குவாரா?" என்றாள் சுசித்ரா.

சோபாவில் குழந்தையை மடியில் வைத்திருந்த அவள் கணவன் முரளிதரன், கேக் போகும் திசையையே பார்த்தான். திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவன். அரக்கோணத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கப் போய், குலுக்கலில் விழுந்த பரிசு இந்த மூன்று நாள் கப்பல் பயணம். "இருபத்துநாலு மணி நேரமும் ஐஸ்கிரீமாம்" என்று ஒரு மாதமாக மாலை வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னவன்.

"நாளைக்குத்தானே கிருத்திகைன்னு சொன்ன? இன்னிக்கு ஒரு துண்டு..."

"இன்னிக்குப் பரணி பாவா. பரணி ராத்திரியே வயித்தைக் காயப்போடணும். நாளைக்குக் கிருத்திகை. நாளன்னிக்கு ரோகிணியிலதான் முடிக்கணும்."

"ரோகிணி வர்றதுக்குள்ள கப்பல் சென்னைக்கே வந்துடுமே!"

"ஆங். அதுக்கு நான் என்ன பண்றது? நட்சத்திரத்தைக் கேளுங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது வகை. முரளிதரன் தட்டில் வெள்ளரிக்காய், வேகவைத்த பச்சைப்பயறு, பக்கத்தில் ஒரு டம்ளர் மோர்.

"மாம்பழமாவது எடுத்துக்கட்டா? விரதத்துக்குப் பழம் சாப்பிடலாமே."

"பழத்தாலதான் கோச்சிக்கினு மலையேறினாரு அவரு. அவர் விரதத்துலயே மாம்பழமா? கொய்யாக்கா இருக்குது, இருங்க."

சாயங்காலம் மேல்தளத்துக்குக் கூட்டிப்போனாள். நீச்சல்குளம், பாட்டு, கூட்டம். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கப் போனான்.

"குளத்தைப் பதினோரு சுத்து சுத்துறதா வேண்டிக்கினு இருக்கேன். வேகமா நடங்க."

"வேண்டிக்கினது நீ. சுத்துறது நானா?"

"குழந்தைய யாரு பாத்துக்கிறது?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். தண்ணீரில் மிதந்தவர்களுக்கு, இந்த ஆள் ஏன் தங்களை வலம் வருகிறான் என்று புரியவில்லை. ஐந்தாவது சுற்றில் ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிடு போட்டார்.

ராத்திரி தலையணைமேல் ஆளுக்கொரு சாக்லேட் இருந்தது. அவன் கை நீளுவதற்குள் இரண்டும் சுசித்ராவின் பைக்குள் போய்விட்டன. அவன் பெருமூச்சோடு குளிக்கப் போனான்.

படுக்கை விரிக்க வந்திருந்த அல்தாஃப் பாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நானும் அரக்கோணத்துக்காரன்தான். உரிமையா சொல்றேன். நாங்க நோன்பு வெச்சா சாயங்காலம் திறந்துடுவோம். உங்க நோன்பு எப்பத்தான் திறக்கும்? பாவம், அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியல."

சுசித்ரா குளியலறைக் கதவைப் பார்த்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழந்தையின் டயப்பர் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அடிவாரத்துக் கடைக்காரங்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணாங்க பாய். நாங்க கிளம்புற அன்னிக்குக் காலையில வந்துச்சி. வெறும் வயித்துலயே சர்க்கரை இருநூத்தி அறுபத்தெட்டு."

பாய் காகிதத்தைப் பார்த்தார்.

"அவங்க அண்ணனுக்குப் போன வருஷம் சர்க்கரையால கால எடுத்தாங்க. அதுலேர்ந்து அந்தப் பேரைக் கேட்டாலே சோத்தைத் தள்ளிட்டு எழுந்துடுவாரு. ஆயுசுல ஒரு தடவை கப்பல்ல வந்துகீறாரு. இங்க வெச்சு எப்படிச் சொல்லுவேன்? ஊருக்குப் போய் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறவரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது. குழந்தைக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகல பாய். எனக்குக் கண்ண மூடினா பயமா கீது."

"அப்போ கிருத்திகை?"

"அது அடுத்த வாரம்."

மறுநாள் காலை அல்தாஃப் பாயே காபி கொண்டுவந்தார். "விரதக் காபி சார். சக்கரை போடக்கூடாது." கட்டில்மேல் மற்ற சூட்களில் எல்லாம் துண்டால் செய்த அன்னம் இருந்தது. இவர்கள் கட்டிலில் மட்டும் மயில்.

முரளிதரன் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திருத்தணிக்குத் திரும்பிய மறுநாளே, டாக்டர் டோக்கனோடு சுசித்ரா கடைக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் கடை வாசலில் மறந்துபோனது.

"பாவா, திட்டாதீங்க. கப்பல்ல கிருத்திகையே இல்ல. நான் பொய் சொன்னேன்." காகிதத்தை நீட்டினாள்.

அவன் காகிதத்தை வாங்கவில்லை. சாமந்தி மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னான்.

"பன்னெண்டு வருஷமா அடிவாரத்துல பூ விக்கிறேன். கிருத்திகை அன்னிக்குக் கடைய சாத்திட்டு எவனாவது கப்பல் ஏறுவானா?"

சுசித்ரா நீட்டிய காகிதத்தை மெல்ல இறக்கினாள்.

"கிளம்புன அன்னிக்கு விடிகாலையிலயே ரிப்போர்ட் என் போனுக்கும் வந்துடுச்சி. உன்கிட்ட சொன்னா பயந்து அழுவ. சொல்லாம, அத்தனை தீனிக்கு நடுவுல மூணு நாளு எப்படி வாயைக் கட்டுறதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன். நல்லவேளை, நடுக்கடல்ல நீயே ஒரு கிருத்திகைய கொண்டாந்துட்ட!"