இல்லாத லுங்கி

யார் பெரிய வீரன் என்று ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. அதனால் கணினியில் உருவாக்கிய அந்தக் காவியத்தின் வீரர்களை, அதைத் தயாரித்த நிறுவனத்தார் திரையில் மோதவிட்டார்கள். தோற்றவனைக் காவியத்திலிருந்தே அழித்துவிடுவார்கள்.

கவசம் அணிந்த வச்சிரகேதுவின் அசைவுகளெல்லாம் பூரணியின் கணவர் தனசேகருடையவை. ஸ்டண்ட் கலைஞரான அவரைச் சண்டை போடவைத்து, அந்த அசைவுகளைப் பதிவு செய்து வீரனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் இறந்துபோனபிறகு அவள் அவரைப் பார்ப்பது அந்த வீரனிடம்தான். வாளை ஓங்குமுன் வச்சிரகேதுவின் இடது கை இடுப்புக்குப் போகும், இல்லாத லுங்கியை இறுக்கிக்கொள்ள. ஊரே சிரித்த தனசேகரின் பழக்கம் அது.

"அந்த நேரத்துலதான்மா அடி வாங்குறாரு. அதை மட்டும் எடுத்துட்டா ஜெயிச்சிடுவாரு," என்றார் நிறுவனத்துக்காரர். கணவர் அழியாமல் இருந்தால் போதுமென்று பூரணி தலையாட்டினாள்.

இறுதி மோதலில் வச்சிரகேதுவின் வாள் தயங்காமல் பாய்ந்தது. எதிரி சாய்ந்தான். பூரணி அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறைகூட இடுப்புக்குப் போகவில்லை.

"ஜெயிச்சாச்சும்மா! இனிமே அப்பாவை யாராலயும் அழிக்க முடியாது!" மகள் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

பூரணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா எங்கடி வந்தாரு?"