இரண்டு மணி நேர ஒட்டு

"இந்த ஒட்டை நிறுத்திடலாம் டாக்டர். குழந்தை படற பாட்டை என்னால பார்க்க முடியலை."

கண் டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். எதிரே தச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, இதையெல்லாம் வீட்டிலேயே கேட்டுச் சலித்தவளாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறரை வயது மகள் யாரையும் சட்டை செய்யாமல் சுழல் முக்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதங்களுக்கு முன்பு பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனையில்தான் அவளுடைய இடது கண் மாட்டிக்கொண்டது. வலது கண் நல்ல கண். அது ஒன்றே இரண்டு கண்ணின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்ததில், இடது கண் ஓய்வாக இருந்து இருந்து பார்வையையே மறக்கத் தொடங்கியிருந்தது. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது, குழந்தைக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதோடு தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடச் சொன்னார். அப்போதுதான் சோம்பேறிக் கண் வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும்.

மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தச்சருக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க உளியும் சுத்தியலுமாக இருக்கிற மனிதர், மகள் முகம் கொஞ்சம் சுணங்கினால் உருகிவிடுவார். மனைவி அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒட்டை மெல்ல உரித்துவிடுவார். போன வாரம் கையும் களவுமாகப் பிடிபட்டார். அந்தப் பஞ்சாயத்துதான் இன்று டாக்டரிடம் வந்திருக்கிறது.

டாக்டர் கோபப்படவில்லை. ஆனால் கறாராகச் சொன்னார்.

"இப்ப விட்டா அப்புறம் பிடிக்கறது கஷ்டம். வயசு ஏற ஏற அந்தக் கண்ணு நம்ம பேச்சைக் கேக்காது. பெரிய ஆளான பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளிவு வராது."

தச்சர் சுழல் முக்காலியைத் திரும்பிப் பார்த்தார். மகளுக்கு ஒரு கண் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், அவளைத் தினமும் வதைக்கிறோமே என்ற வேதனை ஒரு பக்கம்.

"நான் சும்மா சொல்லலை டாக்டர். நானே போட்டுப் பார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மகளோடு தானும் ஒன்று ஒட்டிக்கொண்டாராம். இரண்டு மணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று ஆரம்பித்தவரால் அரை மணி தாங்க முடியவில்லை. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேஜையில் ஓடியது. தன் கையால் இழைத்துப் பொருத்திய கதவு நிலையிலேயே முட்டிக்கொண்டார். காலண்டரில் தேதியைக் காணவில்லை.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒட்டை எடுக்க வைக்கறதுக்கு இவர் போட்ட நாடகம் டாக்டர் அது. இவ ஒட்டு போட்டுக்கிட்டே மணி கோக்கறா. இவருக்கு வாசல் தெரியலையாம்."

"அவ உனக்குப் பயந்துக்கிட்டு தெரியுதுன்னு சொல்றா" என்றார் தச்சர். பிறகு டாக்டரிடம் திரும்பினார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு பலகை நேரா இருக்கான்னு பார்க்கறதுதான் டாக்டர் என் பொழைப்பே. இருபது வருஷப் பழக்கம். எனக்கே இந்தக் கதின்னா பச்சைக் குழந்தை என்ன பண்ணும்?"

நியாயமான கேள்விதான். டாக்டர் எழுந்தார். மகளை நாற்காலியில் உட்காரவைத்து, அவளுடைய வலது கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்தார். எதிர்ச்சுவரில் விளக்குப் பெட்டியின் மேல் எழுத்து அட்டை மாட்டியிருந்தது. முதல் தடவை வந்தபோது இந்த இடது கண்ணால் உச்சியில் இருக்கும் ஒற்றை எழுத்தை மட்டும் தட்டுத்தடுமாறிச் சொன்னவள், இப்போது ஐந்தாவது வரிவரை கடகடவென்று படித்தாள். இன்னும் கீழே போகட்டுமா என்று வேறு கேட்டாள்.

தச்சருக்கு வாயெல்லாம் பல். என்னவோ நான்கு மாதமும் தானே ஒட்டிவிட்டதுபோல மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். கண்ணும் கலங்கிவிட்டது. மனைவி பெரிய மனது பண்ணி அதை விட்டுக்கொடுத்தாள்.

டாக்டர் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எந்தக் கண்ணுல ஒட்டினீங்க?"

"இவளுக்கு எந்தக் கண்ணோ அதே கண்ணுலதான். வலது."

"கொஞ்சம் இங்க வந்து உட்காருங்க."

மகள் இறங்கி வழி விட்டாள். தச்சர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். டாக்டர் அதே மூடியால் அவருடைய வலது கண்ணை மறைத்து, மேலேயிருந்து படிக்கச் சொன்னார்.

தச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"வெறும் வெளிச்சம்தான் இருக்கு டாக்டர். நீங்க அட்டையை மாட்டுங்க, நான் படிக்கறேன்."

"மாட்டித்தான்ப்பா இருக்கு" என்றாள் மகள். "மேலேயே எவ்வளவு பெருசா ஒண்ணு இருக்கு, தெரியலையா?"

தச்சர் மூடியை விலக்கிப் பார்த்தார். பிறகு டாக்டரின் மேஜையிலிருந்து ஒரு ஒட்டை உரித்து எடுத்து, மகளின் வலது கண்ணில் தன் கையாலேயே ஒட்டி, ஓரங்களை நன்றாக அழுத்திவிட்டார்.