தேங்காய் எண்ணெய் தடவவும்

"நிப்பு மறுக்காவும் வளைஞ்சு போச்சுங்க, தம்பி" என்று பேனாவை நீட்டினார் ஆத்தப்பன்.

திருப்பூர் தபாலாபீஸ் வாசலில் மேசை போட்டுக் கடுதாசி எழுதிக் கொடுக்கும் அர்த்தநாரிக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வருஷத்தில் இது ஐந்தாவது தடவை. மதராஸ் பேனாக் கம்பெனிக்குப் பார்சல் போகும், புது நிப்போடு திரும்பி வரும், மறு மாசமே இந்த மனுஷன் வாசலில் வந்து நிற்பார்.

"ஏனுங்ணா, உங்க ஊட்ல இதைப் புடிச்சு எழுதறது யாருங்க?"

"பேனா பையனுதுங்க."

அர்த்தநாரி அதற்கு மேல் கேட்கவில்லை. சாதி விட்டுக் கல்யாணம் கட்டிய ஒரே மகனை ஆத்தப்பன் தலைமுழுகியது ஊரறிந்த கதை. இனி அப்பனுக்கு மகனோ, மகனுக்கு அப்பனோ கடுதாசி போடுவதில்லை என்று முருகன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் வேறு. பையன் மதராஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. விட்டுப்போன பேனாவையாவது காப்பாற்றப் பார்க்கிறார், பாவம்.

ஆத்தப்பனுக்குப் பனியன் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை. பிளீச்சிங் தண்ணீரிலேயே கிடந்து இரண்டு கையும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பார்சல் வாங்கக் கைநாட்டு வைத்தால் ரேகையே விழாது. தபால்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

போன பார்சலோடு வந்த கம்பெனிக் கடிதத்தை ஆத்தப்பன் மடியிலிருந்து பதனமாக எடுத்தார். "கையில எழுதுனதுதானுங்களே? மிசின்ல அடிச்சதில்லீங்களே?" ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி.

"கையெழுத்துதானுங்ணா. முத்து முத்தா எழுதியிருக்கறான், அதுக்கொண்ணும் கொறைச்சலில்லை" என்று முனகிவிட்டு அர்த்தநாரி படித்தார். "நிப்பைக் கல்லில் குத்த வேண்டாம். தினமும் இரு கைகளிலும் தேங்காய் எண்ணெய் தடவவும்."

படித்ததும் சிரிப்பு பீறிட்டது. "எண்ணெய்க் கையில பேனாப் புடிச்சா வழுக்கிட்டுப் போகாதுங்களா? கிறுக்கனை வேலைக்கு வெச்சிருக்கறானுங்க! மொதலாளிக்கே ஒரு போடு போட்டாத்தான் சரிப்படும்."

ஆத்தப்பன் பதறிப்போனார். "ஐயோ, மொதலாளிக்கு வேண்டாமுங்க தம்பி! அதே ஆளுக்கே எழுதுங்க. எத்தனை தடவை ஆனாலும் பரவால்லீங்க."

"ஆகட்டுங்ணா" என்று தலையாட்டிய அர்த்தநாரி, எழுதியது என்னவோ முதலாளிக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவியை இப்படியா ஏய்ப்பது என்ற ஆத்திரம் அவருக்கு. ஐந்து பார்சலையும் எண்ணெய் யோசனையையும் சேர்த்து, காரசாரமாக இரண்டு பக்கம் தீட்டிவிட்டார்.

பதினைந்தே நாளில் பார்சல் வந்தது. உள்ளே தகதகவென்று புத்தம்புதுப் பேனா! அர்த்தநாரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தீங்களாங்ணா! உங்களுக்குத் தெரியாம நாந்தான் மொதலாளிக்கு எழுதினேன். புதுப் பேனாவே வந்திருச்சு!"

ஆத்தப்பன் பேனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட வந்த காகிதத்தையே முன்னும் பின்னும் புரட்டினார்.

"இது மிசின்ல அடிச்சதாட்ட இருக்குதுங்களே?"

"மொதலாளியே டைப் அடிச்சு அனுப்பியிருக்கறாருங்ணா. கேளுங்க. 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். பொறுப்பில்லாமல் பதில் எழுதிவந்த குமாஸ்தாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.' எப்படி நம்ம கடுதாசி?"

ஆத்தப்பன் தூணைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்த ஊருக்குப் போனானுன்னு எழுதியிருக்குதுங்களா தம்பி?"

"அந்தக் கிறுக்கன் எங்க போனா நமக்கென்னுங்ணா?"

"அந்தக் குமாஸ்தா எம் பையனுங்க."